மணிகளால் நெய்த கைப்பட்டைக்கு இறுதி அலங்காரம் செய்யும் முறை

ஊசியால் மணி மணியாக நெய்து முடித்த கைப்பட்டையைக் கொக்கி பொருத்திய உடனேயே அணிந்துகொள்ளலாம். ஆனால் அதன் நீள ஓரங்களை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு வரிசையும் திரும்பும் இடத்தில் நூல் வெளியே தெரிவதும், மேற்பரப்பு முழுவதும் ஒரே மட்டமாகத் தட்டையாக இருப்பதும் கண்ணில் படும். ஓரத்தில் சிறு கூர்முனைகளையும், மேற்பரப்பில் சற்றே எழும்பி நிற்கும் மணிகளையும், இடையிடையே ஒளிவிடும் பட்டை தீட்டிய கண்ணாடி மணிகளையும் சேர்த்தால் இவ்விரு குறைகளும் மறையும். இப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு மணிக்காகவும், ஏற்கெனவே நூல் நிறைந்திருக்கும் துளைகளில் இன்னொரு முறை நூலைச் செலுத்தியாக வேண்டும் என்பதால், எந்த நிறம் எங்கே என்று யோசிப்பதற்கு முன்பே ஊசி எவ்வழியாகப் போய் எவ்வழியாகத் திரும்பும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது, பெயோட்டித் தையலில் பத்து மணி அகலத்தில் நெய்த தட்டையான பட்டை. வட அமெரிக்கப் பழங்குடியினரின் மணி வேலைகளால் பெயர்பெற்ற இத்தையலில், பட்டையின் நீளவாக்கில் ஓடும் மணிக்கோடுகளான நிரல்கள் (அகலவாக்கில் நெய்வது வரிசை) பக்கத்துப் பக்கத்தில் செங்கல் சுவரின் அடுக்குகளைப் போல அரை மணி விலகி அமர்கின்றன. ஜப்பானிய நிறுவனமான மியுகி தயாரிக்கும் டெலிகா என்னும் உருளை மணியில் 11/0 அளவுள்ளது, ஏறத்தாழ 1.6 மி.மீ. விட்டமும் 1.3 மி.மீ. நீளமும் கொண்டது. ஆகவே பத்து மணி அகலம் என்பது 13 மி.மீ. ஆகும், 16 செ.மீ. நீளமுள்ள பட்டையின் ஓர் ஓரத்தில் ஏறத்தாழ நூறு மணிகள் இருக்கும். இந்தக் கணக்கு பின்னால் பல இடங்களில் உதவும். மணிகளின் அளவில் எண் கூடக்கூட மணி சிறியதாகும் என்பதால், அலங்காரத்துக்குப் பெரிதும் பயன்படும் 15/0 மணி ஏறத்தாழ 1.5 மி.மீ. விட்டமுள்ள உருண்டை மணி.

ஆரி வேலை செய்வோர் சுகர் பீட்ஸ் என்று வாங்கும் மணிகளையும் இதற்குப் பயன்படுத்தலாம். அவற்றில் ஒரே பொட்டலத்திலேயே பருமனும் மெலிவும் கலந்திருக்கும். சிலவற்றின் துளை விளிம்பு நூலை அறுக்கும் அளவுக்குக் கூர்மையாகவும் இருக்கும். துணியில் தைக்கும்போது இது பெரிய குறையாகத் தோன்றாது; கைப்பட்டையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும்போதோ ஒரு மணி தடித்திருந்தால்கூட உடனே தெரிந்துவிடும். ஆகவே ஒரு தட்டில் மெத்தென்ற துணியை விரித்து, அதன்மேல் மணிகளைப் பரப்பி, ஒத்த அளவுள்ளவற்றை மட்டும் முன்கூட்டியே பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கால் பங்கு கழிந்து போனாலும் தயங்க வேண்டியதில்லை.

நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். உலோகப் பூச்சுள்ள மணிகளும் சாயமேற்றிய மணிகளும் வியர்வையாலும் வெயிலாலும் மங்கக்கூடியவை. நம் ஊர் வெப்பத்தில் மணிக்கட்டை ஒட்டியே கிடக்கும் அணிக்கு இது சிறிய விஷயமன்று. பொன்னிறம் வேண்டுமென்றால், மியுகியின் டூராகோட் போன்ற பாதுகாப்புப் பூச்சுள்ள வகை மேலானது. ஐயமிருந்தால் இரண்டு மூன்று மணிகளை நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் சற்று நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம்.

நூலைப் பொறுத்தவரை, பட்டையை எந்த நூலால் நெய்தீர்களோ அதே நூலே அலங்காரத்துக்கும் ஏற்றது. இரு முனையும் கூம்பாகக் குறுகும், பட்டை தீட்டிய கண்ணாடி மணிகளான பைகோன்களைச் சேர்ப்பதாக இருந்தால், ஃபயர்லைன் போன்ற பின்னல் வகைத் தூண்டில் நூல் நல்லது. ஏனெனில் பைகோனின் துளை விளிம்பு நைலான் நூலை நாளடைவில் அரித்துவிடும். ஊசி 12ஆம் எண்ணாக இருக்கலாம். துளைகள் நெருக்கமாக இருந்தால் 13ஆம் எண்ணுக்கு மாற வேண்டும். ஊசி ஒரு மணிக்குள் இறுகினால் குறடு கொண்டு இழுக்க வேண்டாம். இழுத்தால் மணி உடையும். உடைந்த மணி பட்டையின் நடுவில் இருந்தால் அதை மாற்றுவது பெரும்பாடு.

வேலையின் வரிசையில் கருத்து வேறுபாடு உண்டு. முதலில் கொக்கி, அடுத்து மேற்பரப்பு, கடைசியாக ஓரம் என்பதே என் பரிந்துரை. கொக்கியைப் பொருத்தி மணிக்கட்டில் ஒருமுறை சுற்றிப் பார்த்தால், எந்தப் பகுதி மேலே தெரிகிறது, எது உள்ளங்கைப் பக்கம் மறைகிறது என்பது புலப்படும். மறையும் பகுதியில் எழும்பிய மணிகளை வைத்தால் மேசையிலும் கணினிப் பலகையிலும் உரசிக்கொண்டே இருக்கும். ஓரத்தை முதலிலேயே முடித்துவிட்டாலோ, மேற்பரப்பில் வேலை செய்யும்போது நூல் ஒவ்வொரு கூர்முனையிலும் மாட்டி எரிச்சலூட்டும்.

மேற்பரப்பில் மிக எளிதான அலங்காரம், ஒரே வரிசையைச் சேர்ந்த இரண்டு மணிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் ஒரு மணியை அமர்த்துவதாகும். பெயோட்டித் தையலில் ஒரு வரிசையின் மணிகள் ஒன்று விட்டு ஒரு நிரலில் இருப்பதால், ஒரு மணியிலிருந்து வெளியே வரும் ஊசியில் ஒரு 15/0 மணியைக் கோத்து, அதே வரிசையின் அடுத்த மணிக்குள் நேராக நுழைந்தால், புதிய மணி இடையிலுள்ள இடைவெளியின்மேல் கச்சிதமாக உட்காரும். 15/0 மணியின் அகலம் அந்த 1.3 மி.மீ. இடைவெளிக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. 11/0 உருண்டை மணியை வைத்தால் மேடு நன்றாகத் தெரியும். ஆனால் பட்டை விறைக்கும். எல்லாப் பள்ளங்களையும் நிரப்பினால் பட்டை மணிக்கட்டில் வளையாமல் தகடு போல நிற்குமென்பதால், குறுக்குக் கோடாகவோ சரிவுக் கோடாகவோ சில பள்ளங்களை மட்டும் தேர்ந்துகொள்வதே நல்லது.

பைகோன் மணிகளை வைப்பதற்குச் சிறிது கணக்குப் போட வேண்டும். 3 மி.மீ. பைகோனை நேரடியாகத் தைக்காமல், அதன் இருபுறமும் ஒவ்வொரு 15/0 மணியை வைத்தால், அம்மணிகள் கூரிய விளிம்பிலிருந்து நூலைக் காக்கும். இம்மூன்றும் சேர்ந்து 5 மி.மீ.க்குச் சற்று மேல் நீளம் வரும். இதை வரிசையின் போக்கிலேயே வைத்தால், ஒன்று இடம் போதாமல் வில்லாக வளையும், அல்லது இடம் மிஞ்சி நூல் தெரியும். ஆகவே சரிவாக வைக்க வேண்டும். மூன்றாம் நிரலின் ஒரு மணியிலிருந்து ஊசி நடுப்பக்கம் நோக்கி வெளிவரட்டும். மூன்று மணிகளையும் கோத்து, ஏழாம் நிரலில் இரண்டு மணி மேலே உள்ளதற்குள் நுழையுங்கள். குறுக்கே மூன்று நிரல்களின் 3.9 மி.மீ., நெடுக்கே இரண்டு மணிகளின் 3.2 மி.மீ. எனக் கொண்டால், சரிவுத் தூரம் ஏறத்தாழ 5 மி.மீ. ஆகிறது; பைகோன் இழுபடாமலும் தொய்யாமலும் படுத்துக்கொள்ளும். உறுதிக்காக அதே வழியில் நூலை இன்னொரு முறை செலுத்த வேண்டும்.

பத்து மணி அகலமுள்ள பட்டைக்கு நடுநிரல் கிடையாது என்பதைப் பலர் இந்தக் கட்டத்தில்தான் கவனிக்கிறார்கள். மேலே சொன்ன பைகோன் நடுவிலிருந்து அரை மணி அளவு இடப்பக்கம் விலகியே நிற்கும். அடுத்த பைகோனை எட்டாம் நிரலிலிருந்து நான்காம் நிரலுக்கு எதிர்ச்சரிவில் வைத்தால், அது அதே அளவு வலப்பக்கம் விலகும். இரண்டும் மாறி மாறி வரும்போது வளைந்து செல்லும் கொடி போன்ற அமைப்பு கிடைத்து, விலகல் குறையாகத் தோன்றாது. அலங்காரம் கண்டிப்பாக நட்ட நடுவில்தான் நிற்க வேண்டும் என்றால், நெய்யத் தொடங்கும்போதே ஒற்றைப்படை எண்ணிக்கையில் தொடங்கியிருக்க வேண்டும்.

ஓரத்துக்கு எத்தனையோ வகைகள் இருந்தாலும், மூன்று மணிகளாலான சிறு கூர்முனைகள் வரிசையாக நிற்கும் பிக்கோ ஓரமே மெல்லிய பட்டைக்கு மிகவும் பொருந்துகிறது. பட்டைக்குள் இரண்டு மூன்று இடங்களில் திசை மாற்றி ஓட்டி நிலைநிறுத்திய புதிய நூல், ஓரத்தின் முதல் மணியிலிருந்து வெளிநோக்கி வரட்டும். ஊசியில் மூன்று 15/0 மணிகளைக் கோத்து, இரண்டாம் ஓர மணிக்குள் உள்நோக்கி நுழைந்து, அங்கிருந்து மூன்றாம் ஓர மணி வழியாக மீண்டும் வெளியே வாருங்கள். நூலை இழுத்ததும் மூன்று மணிகளில் நடுவிலுள்ளது கூர்முனையாக எழும்பி நிற்கும். உள்ளே திரும்பும் இடத்தில் நூல் இரு நிரல்களின் இடுக்கில் மறைந்துவிடும். இப்படியே இரண்டு ஓர மணிகளுக்கு ஒரு பிக்கோ என்று கொண்டால், 16 செ.மீ. பட்டையின் ஓர் ஓரத்துக்கு ஏறத்தாழ 50 பிக்கோக்களும் 150 மணிகளும் தேவைப்படும். வால் நூலையும் சேர்த்து ஒரு மீட்டர் நூல் ஓர் ஓரத்துக்குத் தாராளமாகப் போதும்.

பிக்கோ ஓரத்தின் அழகு இழுவிசையில் இருக்கிறது. கூடுதலாக இறுக்கினால் ஓரம் சுருங்கிப் பட்டை படகு போல வளையும், நீளமும் குறையும்; தளரவிட்டால் முனைகள் இங்குமங்கும் சாயும். பத்துப் பிக்கோக்கள் முடிந்ததும் பட்டையைச் சமமான மேசையில் வைத்துப் பாருங்கள்: தானாகத் தட்டையாகக் கிடந்தால் விசை சரி. வளைந்தால் உடனே பிரித்துவிடுவதே மேல். முழு ஓரத்தையும் முடித்தபின் அதைச் சரிசெய்ய வழியில்லை. நடு மணியை மட்டும் வேறு நிறத்தில் வைத்தால் ஓரம் முழுதும் புள்ளி வைத்தது போலத் தெரியும். அடர்நிறப் பட்டைக்கு இது எடுப்பாக இருக்கும், வெளிர்நிறப் பட்டையிலோ சற்று மிகையாகப் படலாம்.

கொக்கி அருகே தொங்கல் வேண்டுமென்றால் ஐந்து மணிகளுக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணிகளைக் கோத்தபின், கடைசி மணியை விட்டுவிட்டு மற்றவற்றின் வழியே ஊசியைத் திருப்பினால் தொங்கல் நின்றுவிடும். நீளமானவை சட்டைக் கையில் சிக்கும்.

நடுவழியில் ஒரு பிக்கோவில் மணி கூடிவிட்டது தெரிந்தால், அதைக் குறட்டால் நசுக்கக் கூடாது. சில்லு உள்நோக்கிப் பாய்ந்து நூலை அறுத்துவிடும். தடித்த ஊசி ஒன்றை அம்மணியின் துளைக்குள் அழுத்தினால் கண்ணாடி வெளிநோக்கி உடைந்து விழும், நூல் தப்பும். கண்ணாடித் தூள் கண்ணில் படாமலிருக்க, மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மீதி நூலை ஓர மணிகளில் முடிக்காமல் பட்டையின் உட்பகுதிக்குக் கொண்டுசென்று, மணிகளுக்கிடையே தெரியும் நூலில் இரண்டு மூன்று அரைமுடிச்சுகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பின் சில மணிகளைக் கடந்து திசை மாற்றி, ஒட்ட வெட்டிவிடுங்கள். பிறகு பட்டையை மெல்லிய துப்பட்டாவின்மேல் இரு திசையிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். துணி ஓரிடத்தில் சிக்கினால், அங்கே பிக்கோ தளர்ந்திருக்கிறது அல்லது வெட்டிய நூல்முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தளர்ந்த இடத்தில் புதிய நூலால் மூன்று மணிகளையும் இன்னொரு முறை கடந்து வந்தால் அது நிமிர்ந்து நிற்கும்.