ஜேஎஸ்பியில் ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பு: இரண்டு வழிகள்

ஜேஎஸ்பி என்பது எச்டிஎம்எல்லோடு ஜாவா நிரலைக் கலந்து வலைப்பக்கம் எழுதும் முறை. அதில் குன்னூரில் ஒரு தங்கும் விடுதிக்கு இணையதளம் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கங்களிலும் ஒரே மெனு வேண்டும். அதற்குக் கீழே ஓர் அறிவிப்புப் பட்டை: கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து மலை ரயில் ரத்தானால், விருந்தினர்கள் மேட்டுப்பாளையத்துக்கு வந்து ஏமாறக் கூடாது அல்லவா? இவ்விரண்டையும் தனிக் கோப்புகளாக வைத்துச் சேர்ப்போம். கணினியில் ஜாவாவும், ஜேஎஸ்பி பக்கங்களை ஓட்டும் சர்வரான டாம்கேட்டும் இருந்தால் போதும்.

படி 1: மெனுவை வெப்-இன்ஃப் கோப்புறைக்குள் மெனு.ஜேஎஸ்பிஎஃப் என்று சேமியுங்கள். அங்கே இருப்பதை உலாவியில் முகவரி தட்டி யாரும் நேரடியாகத் திறக்க முடியாது. முதன்மைப் பக்கமான இண்டெக்ஸ்.ஜேஎஸ்பியில் இந்த வரியை எழுதுங்கள், இதுதான் முதல் வழி (கட்டளைச் சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும்; வெப்-இன்ஃப் மட்டும் பெரிய எழுத்தில்):

<%@ இன்க்ளூட் ஃபைல்="/வெப்-இன்ஃப்/மெனு.ஜேஎஸ்பிஎஃப்" %>

படி 2: பக்கத்தை ஒருமுறை உலாவியில் திறந்துவிட்டு, டாம்கேட்டின் வொர்க் கோப்புறைக்குள் போய்த் தேடுங்கள். இண்டெக்ஸ்_ஜேஎஸ்பி.ஜாவா என்ற கோப்பு கிடைக்கும். உங்கள் பக்கத்தை டாம்கேட் ஜாவாவாக மாற்றி எழுதிய சர்வ்லெட் (உலாவி கேட்பதற்கு விடை தரும் ஜாவா நிரல்) அது. மெனுவின் வரிகளும் அதற்குள்ளேயே இருக்கும். கம்பைல் ஆகும் (இயக்கத்தக்க நிரலாக மாறும்) முன்பே இரண்டு கோப்புகளும் ஒன்றாகிவிட்டன. அதனால் மெனுவில் அறிவித்த மாறியை முதன்மைப் பக்கத்திலும் பயன்படுத்தலாம். அதே பெயரில் அங்கேயும் ஒரு மாறியை அறிவித்தால் கம்பைல் பிழை வரும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தொல்லை உண்டு. எழுத்துக் குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) ஒவ்வொரு கோப்புக்கும் டாம்கேட் தனித்தனியாகவே பார்க்கும். முதன்மைப் பக்கத்தில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டது மெனுவுக்குச் செல்லாது. மெனு மட்டும் புரியாத குறிகளாகத் தெரிந்தால், அந்தக் கோப்பின் தலையிலும் குறியாக்கத்தைச் சொல்லும் பேஜ்என்கோடிங் வரியைச் சேருங்கள்.

படி 3: அறிவிப்பை அறிவிப்பு.எச்டிஎம்எல் என்று வெப்-இன்ஃபுக்கு வெளியே வைத்து, இரண்டாம் வழியில் இப்படிச் சேருங்கள்:

<ஜேஎஸ்பி:இன்க்ளூட் பேஜ்="/அறிவிப்பு.எச்டிஎம்எல்" />

மறுபடி அந்த ஜாவா கோப்பைத் திறந்தால் அறிவிப்பின் வாசகம் அதில் இருக்காது. அதை அழைக்கும் ஒரு வரி மட்டுமே இருக்கும். யாராவது பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் டாம்கேட் அந்தக் கோப்பிடம் போய், கிடைத்ததை அந்த இடத்தில் வைக்கிறது.

படி 4: மெனுவில் இப்போதைய நேரத்தைக் காட்டும் ஒரு வரியைச் சேர்த்து, பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ‘நிலையானதற்கு முதல் வழி, மாறுவதற்கு இரண்டாம் வழி’ என்று பல பாடங்கள் சொல்லிக்கொடுக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் வழியில் உறைந்துபோவது நிரல்தான், அது தரும் விடை அல்ல.

வேறுபாடு உறைப்பது கோப்பையே திருத்தும்போதுதான். டாம்கேட் இயல்பாக டெவலப்மென்ட் நிலையில் (கோப்புகள் திருத்தப்பட்டனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் நிலை) இருப்பதால் உங்கள் கணினியில் மெனுவைத் திருத்தினாலும் உடனே தெரிந்துவிடும். அந்த நிலையை அணைத்து வைத்திருக்கும் சர்வரில் பழைய மெனுவே நிற்கும். அறிவிப்போ சாதாரண எச்டிஎம்எல். காலையில் ‘இன்று ரயில் இல்லை’ என்று மாற்றினால் சில நொடிகளில் எல்லாப் பக்கங்களிலும் வந்துவிடும்.

எச்டிஎம்எல்லுக்குப் பதில் ஒரு ஜேஎஸ்பியை இரண்டாம் வழியில் சேர்த்தால், அது தனி சர்வ்லெட்டாக ஓடும். முதன்மைப் பக்கத்தின் மாறிகள் அதற்குத் தெரியாது. ஜேஎஸ்பி:பாராம் என்ற குறி மூலம் மதிப்புகளை அனுப்பலாம். அதற்குள்ளிருந்து குக்கீ (உலாவியில் சேமிக்கும் சிறு தகவல்) வைக்க முயன்றால் பிழைச் செய்தி எதுவும் வராது, குக்கீயும் வராது. குக்கீ வைக்கும் வேலையை முதன்மைப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.