நாம் வளர்ந்த தெருவை நினைவிலிருந்து வரைந்து வைப்பது எப்படி: ஒரு திருவல்லிக்கேணிக்காரனின் முறை

முதலில் போனைத் தள்ளி வையுங்கள். கூகுள் மேப்பைத் திறந்தீர்களோ, கெட்டது காரியம். அது இன்றைக்கு இருக்கிற தெருவைக் காட்டும். நீங்கள் வரையப்போவது அதை அல்ல. நான் அந்தத் தப்பைச் செய்தேன். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் எங்கள் ஸ்டோர் இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே கார் நிறுத்த இடம் விட்டு, மேலே நாலு மாடி எழும்பியிருந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் பழைய வாசல் மனசில் வரவே இல்லை. கண்ணை மூடினால் யாரோ ஒருவருடைய வெள்ளைக் கார்தான் நின்றது.

ஸ்டோர் என்றால் கடை இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே நீளமாக ஒரு நடை, அதை ஒட்டி வரிசையாகப் போர்ஷன்கள். எங்கள் ஸ்டோரில் ஒன்பது குடித்தனம், ஒரு கிணறு, மூன்று கக்கூஸ். 1979-லிருந்து 1994 வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். அப்பா மவுண்ட் ரோடு பக்கம் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. மழைக்காலத்தில் அந்த உத்தரத்திலிருந்து ஒரு வாசனை வரும். வரைய உட்காரும்போது அதுபோல ஒன்றை நினைத்துக்கொண்டால் கை தானாக ஓடும்.

சாமான் அதிகம் வேண்டாம். பழைய மாசக் காலண்டர் தாள் ஒன்று, அதன் பின்பக்கம். ஹெச்.பி. பென்சில் ஒன்று. ரப்பர் வேண்டவே வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கோயிலில் தொடங்குவார்கள். நானும் தொடங்கினேன். பார்த்தசாரதி கோயில் கோபுரம், குளம், நடுவே நீராழி மண்டபம் எல்லாம் அழகாகத்தான் வந்தது. ஆனால் கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே தாள் வெள்ளையாகக் கிடந்தது. பெரிய அடையாளங்களை நம்ப முடியாது என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். பைகிராப்ட்ஸ் ரோடு போய்க் கடற்கரையில் முட்டும் இடத்தில் கண்ணகி சிலை. சின்ன வயசில் எனக்குக் கிழக்கு என்றால் கண்ணகிதான். 2001-ல் அந்தச் சிலையையே எடுத்துவிட்டார்கள். 2006-ல்தான் திரும்ப வந்தது.

வேலையில் தொடங்குங்கள். அந்த வீட்டில் உங்கள் தலையில் கட்டியிருந்த வேலை எது? எனக்குத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்பு, அதில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் தெருமுனை அடிபம்பு. விடியற்காலை நாலரைக்கே அங்கே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் திண்ணையில் தூங்குவார்கள். எங்கள் குடம் பச்சை பிளாஸ்டிக், கழுத்தில் சிவப்பு நாடா. அடிபம்பை வரைந்தேன், அதற்கு எதிரே இருந்த சோடாக் கடை வந்தது. சோடாக் கடையின் மரப்படி வந்தது. அந்தப் படியில் குடத்தை இறக்கிக் கை மாற்றிக்கொள்வேன், அதனால் அதன் உயரம் இன்னும் என் இடுப்புக்குத் தெரியும். அங்கிருந்து ஸ்டோர் வாசல்வரை இன்னும் ஒரே ஒரு கை மாற்றல். அடி, மீட்டர் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே என் படத்தில் அளவுகோலே அதுதான்: மூலையில் ஒரு சின்னக் கோடு போட்டு "ஒரு கை மாற்றல்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படி ஒவ்வொரு வேலையும் ஒரு கோடு இழுக்கும். ரேஷன் கார்டும் மண்ணெண்ணெய் டின்னுமாக டி.யு.சி.எஸ். போகும் வழி ஒன்று. 1904-ல் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் அது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கியூவில் நிற்கும்போது வெயில் எந்தக் கல்வரை வரும் என்பதுதான். ஜாம்பஜாருக்குக் காய் வாங்கப் போகும் வழி இன்னொன்று. அப்பாவுக்குச் சம்பளம் வந்த அன்றைக்கு ரத்னா கபே போகும் வழி மூன்றாவது. இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றிவிட்டுப் போவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். அந்த வழியில் மட்டும் எல்லாக் கடையும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்தது, வீட்டுப் பெரியவர்களைக் கேட்பது. இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. "அம்மா, அப்போ என்னவெல்லாம் இருந்தது?" என்று கேட்டால், "என்னத்தடா சொல்றது, எல்லாம் இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். கேள்வி கேட்காதீர்கள். தப்பாகச் சொல்லுங்கள். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, "கிணறு நம்ம போர்ஷனை ஒட்டித்தானே இருந்தது?" என்றேன். கத்தி நின்றது. "யாரு சொன்னா? நம்ம வாசலுக்கும் கிணத்துக்கும் நடுவுல நர்ஸம்மா போர்ஷன் இல்ல? அவங்க நைட் டூட்டி முடிச்சுத் தூங்கறாங்கன்னுதானே காலைல ஜகடைக்கு எண்ணெய் விடுவேன்!" ஜகடை என்றால் கிணற்று ராட்டினம். அதற்கு எண்ணெய் விட்டதே எனக்குத் தெரியாது. எல்லோர் வீட்டு ஜகடையும் கிறீச்சிடும், நம்முடையது நல்ல ஜகடை என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சில சமயம் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். என் அக்கா பூக்கடை குளத்துப் பக்கம் என்றாள். அம்மா பாரதியார் வீட்டுப் பக்கம் என்றார். இருவருமே "கோயிலுக்கு எதிர்லதான்" என்று சத்தியம் செய்தார்கள். சண்டை இரண்டு நாள் ஓடியது. கோயிலை யோசித்தால் விடை கிடைத்துவிடும்: அங்கே பார்த்தசாரதி கிழக்கே பார்க்கிறார், அழகியசிங்கர் என்கிற நரசிம்மர் மேற்கே பார்க்கிறார், இரண்டு பேருக்கும் தனித்தனிக் கொடிமரம். கோயிலுக்கே முன்பக்கம் இரண்டு. அக்காவுக்குப் பெருமாள் வாசல், அம்மாவுக்குச் சிங்கர் வாசல், பூக்கடையும் இரண்டு! ரப்பர் வேண்டாம் என்றது இதற்காகத்தான். முதலில் சொன்னதை அழித்திருந்தால் ஒரு பூக்கடை போயிருக்கும். தப்பு என்று பட்டால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, சொன்னவர் பெயரை எழுதுங்கள்.

தெருப் பெயரை நீங்கள் அன்றைக்குச் சொன்ன மாதிரியே எழுதுங்கள், இன்றைய பெயரை அடியில் சின்னதாகப் போடுங்கள். பைகிராப்ட்ஸ் ரோடு, கீழே பாரதி சாலை. டிரிப்ளிகேன் ஹைரோடு, கீழே காயிதே மில்லத் சாலை. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவை யாரும் முழுசாகச் சொன்னதில்லை, டி.பி. கோயில் தெருதான்.

ஊர் வரலாறு முழுவதையும் படத்தில் ஏற்ற வேண்டாம், அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டோடு அது உரசிய இடம் இருந்தால் மட்டும் குறியுங்கள். 1921-ல் பாரதியாரைக் கோயில் யானை தள்ளிவிட்டது ஊரறிந்த கதை. கோயில் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா அதைச் சொல்லித்தான் என் கையைப் பிடித்து இழுப்பார். ரொம்ப நாள், எப்போது எந்த யானையைப் பார்த்தாலும் அதே யானை என்றே நம்பி, அதை முறைத்துவிட்டு வருவேன். என் படத்தில் அந்த இடத்தில் "முறைத்த இடம்" என்று இருக்கிறது.

கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள், காதுக்கும் ஒரு தாள் வையுங்கள். மொட்டைமாடியில் நின்றால் எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அம்புக்குறி போடுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் கோயில் மணி, இன்னொரு பக்கம் 1795-ல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலின் பாங்கு, காற்று திரும்பினால் கடல். வடக்கே சேப்பாக்கம் ஸ்டேடியம். 1986 செப்டம்பர் 22, ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட், கடைசி நாள். நடையில் ஒரே ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி ஸ்டோரே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயசு. ரேடியோவை நம்பாமல் மாடிக்கு ஓடினேன், கூச்சலைக் கேட்டே முடிவு தெரிந்துவிடும் என்ற கணக்கு. ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்த கூச்சல் கேட்டது. அடுத்து மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஒரு இரைச்சல் வந்தது, ஆனால் அது சந்தோஷமா துக்கமா என்று பிடிபடவில்லை. கீழே வந்து கேட்டால், "டை" என்றார்கள். அப்படி ஒரு முடிவு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அந்த அம்புக்குறியின் பக்கத்தில் இன்னும் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் முடிந்த பிறகு நேரில் போங்கள், முன்னால் போகாதீர்கள். விடியற்காலை ஆறு மணி நல்ல நேரம். திருவிழா நாளைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் தெருவே தெரியாது. திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். நாங்கள் இருந்தபோது அந்த ரயில் கிடையாது, ஆகவே அந்தப் பக்கமிருந்து நுழையும்போது ஊர் தலைகீழாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஒரு தெரு தாண்டினால் சரியாகிவிடும். மற்றவர் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். நான் எடுக்கப்போய் ஒரு பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவரே திண்ணையில் உட்கார வைத்து, அடிபம்பு இருந்த இடத்தைக் காட்டினார். கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள், கொஞ்சம் மேடாக இருக்கிறது. அங்கிருந்து காலிக் கையோடு நடந்து பார்த்தேன். சோடாக் கடை இருந்த இடத்துக்குச் சரியாக ஐம்பத்திரண்டு அடிவைப்பு.

ஒரு எச்சரிக்கை: படத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். அதன் மேல் பென்சில் பிடிக்காது. பொங்கலுக்கு அக்கா கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். துவைக்கிற கல்லை நான் தப்பான பக்கம் போட்டிருக்கிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.