நிறுத்தி வைத்தாலே பேட்டரி இறங்கியது: காரணம் கிளவ் பாக்ஸ்

இரண்டு, மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்தினால் போதும், கார் ஸ்டார்ட் ஆகாது. 'டக் டக்' சத்தம் மட்டும். தினமும் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பேட்டரியைச் சோதித்தார்கள், நல்ல நிலை. வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தது. டேஷ்கேமை (முன்கண்ணாடிக் கேமரா) கழற்றியும் பலனில்லை.

கடைசியில் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, பேட்டரியின் மைனஸ் ஒயரோடு தொடராக இணைத்தேன். பூட்டிய உடனே காட்டும் அளவை நம்பக்கூடாது. வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் அடங்க அரை மணி நேரம்கூட ஆகும். அதற்கப்புறமும் 0.4 ஆம்பியர்! 0.05-க்குள் இருக்க வேண்டியது. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கியபோது, உள்விளக்கு ஃப்யூஸில் அளவு விழுந்தது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியக் காணோம்.

செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, கிளவ் பாக்ஸுக்குள் (டேஷ்போர்டில் இருக்கும் மூடி போட்ட பெட்டி) வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால், மூடிய பிறகும் வெளிச்சம். முதலுதவிப் பெட்டி, டார்ச், கையேடு எல்லாம் திணித்ததில் மூடி லேசாக உப்பி, அதன் விளக்கை அணைக்கும் சுவிட்சை அழுத்தவில்லை. வெறும் 5 வாட் பல்பு, ஆனால் ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி தின்னும். என் பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான்.

இப்போது அங்கே ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மட்டும். மற்றவை டிக்கியில். டார்ச்சை டிரைவர் சீட்டுக்கு அடியில் போடாதீர்கள், உருண்டு பிரேக்குக்குக் கீழே போய்விடும்.