தடையின்றி விழுதல்: கணக்கிலும் செய்தியிலும் வரும் தவறுகள்

'தடையின்றி விழுதல்' என்பதில் எல்லாமே 'தடையின்றி' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஈர்ப்பு விசை மட்டும் இழுக்க வேண்டும். வேறெதுவும் தாங்கக் கூடாது. இதை மறப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

முடுக்கம் (ஒவ்வொரு நொடியும் வேகம் கூடும் அளவு) 9.8 மீ/நொடி² என்றதும் முதல் நொடியில் 9.8 மீட்டர் விழும் என்று எழுதிவிடுகிறார்கள். நொடி முடியும்போது வேகம்தான் நொடிக்கு 9.8 மீட்டர். தொடக்கத்தில் அது சுழியம் என்பதால் சராசரி 4.9, விழுந்த தூரமும் 4.9 மீட்டரே. 2 நொடியில் 19.6, 3 நொடியில் 44.1.

கல் போட்டுக் கிணற்றின் ஆழம் பார்ப்பவர்கள் கல்லை வீசக் கூடாது, விரலிலிருந்து நழுவவிட வேண்டும். சத்தம் மேலே வரும் நேரத்தையும் கழிக்க வேண்டும்: 3 நொடியில் 'தொபக்' கேட்டால் ஆழம் 44.1 அல்ல, ஏறத்தாழ 40.7 மீட்டர். 2 நொடிக் கிணற்றில் ஒலியால் வரும் பிழை ஒரு மீட்டர்தான். ஆனால் கடிகாரத்தை 0.2 நொடி தாமதமாக அழுத்தினால் நான்கு மீட்டர் கூடிவிடும். அதனால் ஐந்து முறை போட்டுச் சராசரி எடுங்கள்.

மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கம் சுழியம் என்பதும் தவறு. அப்படியானால் பந்து அங்கேயே நின்றுவிடுமே! கையை விட்ட கணத்திலிருந்தே, ஏறும்போதும்கூட, அதன் முடுக்கம் கீழ்நோக்கி 9.8தான்.

சுமார் 400 கி.மீ. உயரத்தில் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்பார்கள். தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு அங்கும் உண்டு. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுவதால் மிதக்கிறார்கள். மாறாக, பாராசூட் விரியும் முன் மணிக்கு 200 கி.மீ. அளவில் சீராக இறங்குபவரைக் காற்று தாங்குகிறது; கறாராகச் சொன்னால் அது தடையற்ற வீழ்ச்சி அல்ல.

பங்குச் சந்தையோ நாணய மதிப்போ 'தடையின்றி விழுந்தது' என்று செய்தி எழுதும்போதும் தடை இருந்ததா என்று பாருங்கள். 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 13 விழுக்காடு சரிந்தது. ஆனால் 10 விழுக்காட்டிலேயே வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். அது கடும் சரிவு, அவ்வளவே. இலங்கை ரூபாய்க்கோ இந்தச் சொல் பொருந்தும்: 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும், டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்தது மே நடுவில் 360ஐத் தொட்டது. பின்பு வங்கி தினமும் வழிகாட்டு விலை சொல்லத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய 2022 மாதங்களுக்கு 'தடையற்ற வீழ்ச்சி' என்று தலைப்பிடாதீர்கள். 'மதிப்பு தேறவில்லை' என்றால் போதும்.