பழம் ஊறிய தண்ணீர் ஏன் கசந்து போகிறது?

இரவு ஆசையாகப் போட்டு வைத்த எலுமிச்சை, புதினாத் தண்ணீரைக் காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, ஜாடியோடு சிங்க்கில் கவிழ்த்திருக்கிறேன். வேப்பங்காய்க் கசப்பு. எலுமிச்சையில் குறையில்லை, புதினாவும் அன்றைக்குப் பறித்த புதினா. எடுக்க வேண்டிய நேரத்தில் துண்டுகளை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எந்தப் பழத்தோடு எந்த இலை சேரும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போட்டதை எப்போது வெளியே எடுப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. இந்தத் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

தோலோடு இரவெல்லாம் ஊறப்போடுவது

எலுமிச்சையை வட்டமாக நறுக்கி ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் தோல், அதையொட்டி வெள்ளைப் பஞ்சு, நடுவில் சுளை. மணம் முழுக்க அந்த மஞ்சள் தோலின் எண்ணெயில் இருக்கிறது. கசப்பு வெள்ளைப் பஞ்சிலும் விதையிலும். மணம் முதலில் இறங்கிவிடும், கசப்பு பின்னால் மெல்ல வரும். ஆரஞ்சுக்கும் சாத்துக்குடிக்கும் இதே கதைதான்.

நறுக்கிய உடனே கசக்காதது பிறகு கசப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகைப் பழங்களில் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தை வெட்டியதும் அது பழத்தின் சொந்தப் புளிப்போடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. சில ஆரஞ்சு வகைகளின் சாறு பிழிந்தபோது இனித்து, வைத்திருந்து குடித்தால் கசப்பதும் இதனால்தான்.

அதனால் தோலோடு போட்ட துண்டுகளை இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க ஊறத்தான் வேண்டும் என்றால் பீலரால் மஞ்சள் தோலை மட்டும் இரண்டு கீற்று சீவிப் போடுங்கள். பிறகு வெள்ளையை நீக்கி, விதையை எடுத்து, சுளையை மட்டும் சேருங்கள். ஒரு லிட்டருக்கு அரை எலுமிச்சையும் ஏழெட்டுப் புதினா இலையும் போதும். ஜாடி நிறையப் பழத்தை அடைப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், குடிக்க நன்றாக இருக்காது.

இலையை இடிப்பது, எல்லாவற்றிலும் வெந்நீர் ஊற்றுவது

புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே, கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் இருக்கிறது. உள்ளங்கையில் இலையை வைத்து ஒரு தட்டு தட்டினால் அவை உடைந்துவிடும். மணம் கிளம்பும்போதே நமக்குத் தெரியும். அதற்கு மேல் உரலில் போட்டு நசுக்கினால் இலையின் பச்சைச் சாறு இறங்கி, தண்ணீரில் புல் வாசனை அடிக்கும். பல்லிடுக்கில் துணுக்கு சிக்குவது தனி. துளசிக்கும் இந்த ஒரு தட்டு போதும், கசக்கிய இலை சீக்கிரம் கறுத்துவிடும். ரோஸ்மேரி என்றால் விரல் நீளக் கொத்து ஒன்று, அதற்கு மேல் போட்டால் மருந்து நெடி வரும்.

இஞ்சியும் பட்டையும் இதற்கு நேர்மாறு. குளிர்ந்த நீரில் கிடந்தால் அவற்றிலிருந்து பெரிதாக எதுவும் இறங்காது. ஒரு டம்ளர் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஜாடியில் ஊற்றுங்கள். இதைப் பார்த்துப் பழத்தின் மேலும் வெந்நீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. பழம் வெந்து குழைந்து தண்ணீர் கலங்கிவிடும், இலையின் மணமும் ஆவியோடு போய்விடும்.

எந்தப் பழம் என்பதில் நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. வாழைப்பழம் வேண்டாம், கூழாகிவிடும். ஆப்பிள் பழுப்பேறும், சுவையும் பெரிதாகத் தராது. தர்பூசணி ஓரிரு மணி நேரத்தில் நார்நாராகப் பிரியும். அவசரமாக வேண்டுமென்றால் ஃப்ரீசரில் உறையவைத்த பழத்தைப் போடுங்கள். உறையும்போது பனித்துகள்கள் பழத்தின் செல்களைக் கிழித்துவிடுவதால் சாறு சட்டென்று இறங்கும்.

மேசைமேல் வைத்தே நாளைக் கழிப்பது

இதில்தான் ருசியைத் தாண்டி உடம்புக்கும் கெடுதல் வருகிறது. நறுக்கிய பழத்தில் கிருமி வேகமாகப் பெருகும் வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. நம் மேசை இருப்பது அதற்குள்தான். வெளியே வைத்தால் 2 மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம், அதோடு சரி. “எலுமிச்சைதான் இருக்கிறதே, கிருமி என்ன செய்யும்?” என்று கேட்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் நாலு துண்டு எலுமிச்சையின் புளிப்பு எந்தக் காவலும் இல்லை. சுத்தமில்லாத தண்ணீரை அது சுத்தமாக்கவும் செய்யாது. வெள்ளரி, தர்பூசணி, கிர்ணி போன்றவற்றில் புளிப்பே குறைவு, அவற்றில் இன்னும் கவனம் வேண்டும்.

ஃபிரிட்ஜிலேயே ஊறவிட்டு, பழத்தை எடுத்து வடிகட்டி, ஒரு நாளுக்குள் குடித்துவிடுவது நல்லது. மேலே நுரை கட்டி, நாக்கில் சுரீர் என்று கடித்தால் அது புளிக்கத் தொடங்கிவிட்டது. நாம் போட்டது சாராய ஊறல் இல்லையே, கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் குறையக் குறைய அதே பழத்தின் மேல் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவதும் இந்தக் கணக்கில்தான் வரும். புதுத் தண்ணீர் வந்தாலும் பழத்தின் வயது குறையாது. அன்றைக்கே, குளிர்ச்சியோடு இருந்தால் ஒரு முறை ஊற்றலாம். பாட்டிலில் வாய் வைத்துக் குடித்திருந்தால் அதுவும் வேண்டாம்.

தோலை உரித்துவிடுவோமே, கழுவுவானேன் என்று விடுவதும் தவறு. கத்தி தோலில் இறங்கும்போது அதிலுள்ள கிருமியையும் உள்ளே இழுத்துப் போகும். 2011-இல் அமெரிக்காவில் கிர்ணிப்பழத்தின் வழியாக லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். ஓடும் தண்ணீரில், கெட்டித் தோல் என்றால் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், அது தோலுக்குள் இறங்கும்.

பாத்திரம்

கண்ணாடி ஜாடி சிறந்தது. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் எலுமிச்சைத் தண்ணீர் வைக்கவே கூடாது. புளிப்பு பட்டால் செம்பு கரைந்து தண்ணீரில் கலக்கும், குமட்டலும் வாந்தியும் வரலாம். பாட்டில் என்றால் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால், நேற்றைய தண்ணீரில் வந்த விநோத வாசனைக்குக் காரணம் தெரிந்துவிடும்.

மருந்தாக நினைப்பது

உடம்பின் நச்சை வெளியேற்றும் என்று இதற்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நம்மைக் கேட்காமலே செய்துகொண்டிருக்கின்றன. தண்ணீரில் இறங்குவது மணமும் கொஞ்சம் சுவையும்தான், நார்ச்சத்து பழத்திலேயே தங்கிவிடுகிறது. வெறும் தண்ணீர் இறங்காதவர்களை நாலு டம்ளர் கூடக் குடிக்க வைக்கிறதே, அந்த ஒன்றுக்காக நான் இதை ஆதரிக்கிறேன்.

எலுமிச்சைத் தண்ணீரை நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காக உறிஞ்சிக்கொண்டே இருப்பது பல்லுக்கு ஆகாது. புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்; வாயில் அது 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்குகிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்துவிட்டு வாயை வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும். கொழுப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். சில மருந்துகளின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும். தேன் கலந்தால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

வெளியே எடுத்த வெள்ளரியையும் ஆரஞ்சுச் சுளையையும் அப்படியே சாப்பிட்டுவிடுவேன், சத்து அதில்தானே இருக்கிறது. எலுமிச்சைத் துண்டுகளைத் தூக்கிப் போடுவதில்லை. அன்று கசந்த தண்ணீரைக் கொட்டிய அதே சிங்க்கை அவற்றால்தான் தேய்க்கிறேன்.