இத்தாலியில் படிக்கப் போகும் முன் பூர்விக வீட்டின் பங்கைக் கணக்கிடுங்கள்

கட்டடப் பாதுகாப்போ கலை வரலாறோ இத்தாலியில் பயில விரும்பும் காரைக்குடிப் பகுதி மாணவர்கள் பலர், செலவை நினைத்தே பின்வாங்கிவிடுகிறார்கள். 1088இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் பொலோஞ்ஞா உட்படப் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் பொறுத்தே அமைகிறது. தகுதியுள்ளோருக்கு இத்தாலிய மண்டல அரசுகளின் உதவித்தொகையும் உண்டு. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த சுவருக்குச் சிமெண்டைப் பூசிவிடும் நம் ஊர்களுக்கு, முறையாகச் சீரமைக்கக் கற்றவர்கள் மிகவும் தேவை.

வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் மதிப்பிடும் ‘இசே பாரிஃபிகாதோ’ (ISEE parificato) என்னும் கணக்கீட்டில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் எழுகிறது. அதில் குடும்பத்தின் வீடு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்பார்கள். வெளிநாட்டிலுள்ள வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 500 யூரோ மதிப்பிடுவது வழக்கம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என நீளும் 20,000 சதுர அடி வீட்டை முழுமையாகத் தந்தை பெயரில் காட்டினால், சுமார் 1,858 சதுர மீட்டருக்கு 9 லட்சம் யூரோவுக்கு மேல் சொத்து இருப்பதாகிவிடும், உதவித்தொகையும் கைநழுவும். எட்டுப் பங்காளிகளுக்குச் சமமாக உரிய வீடானால் உங்கள் பங்கு 232 சதுர மீட்டர்தான். ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். பிரிவினை பதிவாகாத வீடென்றால், பங்காளிகள் கையொப்பமிட்டு நோட்டரி சான்றளித்த உறுதிமொழியை ஏற்பார்களா என்று உதவித்தொகை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. வெளியூர்களில் இருக்கும் பங்காளிகளிடம் கையொப்பம் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

வருமானத்தை அவர்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கே கேட்பார்கள், அதுவும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையதை. ஏப்ரலில் தொடங்கும் நம் வருமானவரிக் கணக்கு மட்டும் போதாமல் போகலாம். வருமானச் சான்று, குடும்ப உறுப்பினர் விவரம், வங்கி இருப்பு ஆகியவற்றுக்கு எத்தகைய அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்று) இத்தாலிய மொழிபெயர்ப்பும் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை உறுதியானதும் ‘யூனிவர்சிடாலி’ (Universitaly) என்னும் இத்தாலிய அரசின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, அதன்பின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கு போய் இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தை அஞ்சல் நிலையத்தில் கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் அனுமதி அட்டை கைக்கு வரும்வரை அந்த ரசீதே உங்கள் ஆவணம்.