ஊருணியைத் தோண்டும் முன் வரத்துக்காலைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஊருணியைச் சுத்தம் செய்யலாம் என்று நாலு பேர் சேர்ந்தால் முதலில் ஜேசிபிக்குத்தான் சொல்லி விடுகிறார்கள். இரண்டே நாளில் பள்ளம் ஆழமாகிவிடும், போட்டோவும் நன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு பார்த்தால் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். தண்ணீர் வரும் வழியான வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கையில் பள்ளத்தை ஆழப்படுத்தி என்ன செய்ய?

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பே தனி. வீட்டு முற்றத்தில் விழும் மழை வீதி வாய்க்காலுக்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகும்படி கட்டினார்கள். ஊருணி நிறைந்தால் மிச்சம் அடுத்த குளத்துக்கோ கண்மாய்க்கோ போகும். அதனால் வேலை தொடங்க வேண்டிய இடம் வீதி. நல்ல மழை பெய்யும்போதே குடையோடு நடந்து பாருங்கள்: எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தக் குழாய்ப் பாலம் அடைபட்டிருக்கிறது, எங்கே சிமெண்ட் சாலை உயர்ந்து வாய்க்கால் வாயை மூடிவிட்டது என்பது வெயிலில் தெரியாது. கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டால், வாய்க்கால் ஓடிய இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. அடைப்பைக் கண்டதும் ஆர்வத்தில் உடனே திறந்துவிடுவது. அன்று மழைநீர் மட்டும் ஓடிய வாய்க்காலில் இன்று சமையலறைத் தண்ணீரும் கழிவறைத் தொட்டியின் வழிசலும் ஓடுகின்றன. அதை அப்படியே திறந்தால் ஆகாயத்தாமரைக்கு நீங்களே உரம் போட்ட கதைதான். முதலில் கழிவுநீரைப் பிரித்து வேறு வழியில் விட வேண்டும். அது முடியாத தெருவின் வாய்க்காலைத் திறக்காமல் விடுவதே மேல். பருவத்தின் முதல் மழை தெருக்குப்பையை எல்லாம் அரித்துக்கொண்டு வரும். அதை வெளியே திருப்பிவிட ஒரு பலகை அடைப்பும், வண்டல் படிய ஒரு சிறு தொட்டியும் ஊருணி வாயில் இருக்கட்டும். குடிநீர் ஊருணி என்றால் இது கட்டாயம்.

சரி, தோண்டத்தான் வேண்டும் என்றால் எவ்வளவு? மேலே படிந்த வண்டலை மட்டும். அதற்கடியில் இருக்கும் இறுகிய களிதான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்துச் செம்மண் சரளை வரை போய்விட்டால், நிறைந்த ஊருணி தையிலேயே வறண்டுவிடும். தோண்டும் முன் நாலைந்து இடத்தில் சிறு குழி போட்டுப் பார்த்தால் களி எங்கே தொடங்குகிறது என்று தெரியும். கண்மாயில் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால், அந்தத் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும். வயலுக்குத் தானாகப் பாயாது. கரையடியை ஒட்டி மண் எடுக்கவே கூடாது, கரை சரியும்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டு வெற்றி என்று சொல்லிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. வேர்க்கட்டையோடு பிடுங்காவிட்டால் அது முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். போதாக்குறைக்கு, காயைத் தின்ற ஆடுகள் விதையை வேறு பரப்பும். அதற்காக உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்கும் இடத்தில், நிற்கும் நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடக் கூடாது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அனுமதி விஷயத்தில் அசட்டை வேண்டாம். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். வண்டலை எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் லாரியில் ஏற்றினால் மணல் கடத்தல் என்ற பேர்தான் மிஞ்சும்.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் தொடங்குவதும் தப்பு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க் குடும்பத்தார் வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பிவிடுவார்கள். ஆனால் மடை திறப்பவர், கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்து விவசாயி, மீன் குத்தகை எடுத்தவர், துணி துவைக்கும் பெண்கள் ஆகியோர் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். மீன் பிடிக்கத் தண்ணீரை வடிய விடுவதா, வயலுக்கு நிறுத்துவதா என்ற தகராறு வரும்போது அவர்கள் பேச்சுதான் நிற்கும்.

சுற்றிலும் நடைபாதை, சிமெண்ட் சுவர், வண்ண விளக்கு எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், வேண்டவே வேண்டாம். செம்புறாங்கல் படித்துறை இருந்தால் பெயர்ந்த கல்லை எடுத்து வைத்தாலே போதும்.

மண்வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு வண்டி சேற்றில் இறங்கிவிடும். வசூலான பணம் முழுவதையும் ஜேசிபி வாடகைக்கே கொடுத்துவிடாமல் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். மழை முடிந்து தண்ணீர் வடிய வடிய ஓரத்தில் சீமைக்கருவேலக் கன்று முளைக்கும். ஈரம் காயும் முன் கையாலேயே பிடுங்கிவிடலாம், அதற்கு ஆள்கூலி வேண்டும்.